நெடுந்தீவுக்குத் தனியே போகப்போகிறவருக்கு

"நெடுந்தீவு எப்படி, சேர்?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தீவகப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்துக் கிழவனானவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை, சென்னையிலிருந்து ஒருவர், ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வந்த பேரன். எல்லோரும் தனியாகப் போகப்போகிறவர்கள். எல்லோரிடமும் இந்த ஒரே கேள்விதான்.

இடம் தெரியாதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, சனம் வாழும் தீவுகளில் கடைசித் தீவு அது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஐயாயிரத்துக்கும் குறைவான சனம். ஆறு இல்லை, மலை இல்லை, முருகைக்கல் நிலம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் போய்க் குறிகாட்டுவான் துறையில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரமளவில் படகில் போகவேண்டும். மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு இலக்கம் போடத் தொடங்கியதே அங்கேதான். ஜே/01 முதல் ஜே/06 வரை நெடுந்தீவு.

இனி அறிவுரை. வகுப்பில் கதைத்த பழக்கத்தில் உங்கள் ஒவ்வொருவரையும் "நீர்" என்றே சொல்கிறேன்.

1. தீவைப் பற்றிக் கேட்க வேண்டாம். உம்முடைய ஒரு நாளைப் பற்றிக் கேளும்.

"அங்கே என்ன பார்க்கலாம்" என்றால் எவரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்புவிப்பார்: குதிரை, பெருக்க மரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், குவிந்தா கோபுரம், வெடியரசன் கோட்டை. இந்தப் பட்டியல் உம்முடைய கைபேசியிலேயே கிடக்கிறது. அதற்காக ஒரு மனிதரை மினக்கெடுத்தத் தேவையில்லை. மனிதரிடம் இப்படிக் கேளும்: "வாற வியாழன் விடிய குறிகாட்டுவானில் நிற்பேன். அன்றைக்கே திரும்பவேண்டும். கனதூரம் நடக்கமாட்டேன், சைக்கிள் ஓடுவேன். குதிரையைக் கட்டாயம் பார்க்கவேண்டும், மற்றதெல்லாம் கிடைத்தால் சரி. எப்படிச் செய்யலாம்?" கேட்கப்பட்டவருக்கு உடனே மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். வியாழனென்றால் எந்தப் படகு, காற்று எந்தப் பக்கம், யாருடைய ஓட்டோ சும்மா நிற்கும், குதிரை இப்போது எங்கே மேய்கிறது. ஐந்து நிமிடத்தில் உமக்கென்று ஒரு நாளைத் தைத்துத் தந்துவிடுவார். அந்த நாள் எந்தப் புத்தகத்திலும் இராது. அடுத்த கிழமை அதே ஆள் வேறொருவருக்கு வேறு நாள் சொல்லுவார்.

2. அதற்கு முதல் உம்மைச் சொல்லும்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது கூச்சம். முன்பின் தெரியாதவரிடம் சொந்தக் கதை எதற்கு என்று நினைக்கிறார்கள். வைத்தியரிடம் போய் வருத்தத்தைச் சொல்லாமல் "நல்ல மருந்து எது" என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும் அது. வயது, கடலில் தலைசுற்றுமா, தொய்வு உண்டா, சீனி வருத்தம் உண்டா, கையில் எவ்வளவு காசு, இரவு தங்க மனமா, இதெல்லாம் சொல்லவேண்டியவை. சைவமா மச்சமா என்பதையும் சொல்லும். தீவில் சாப்பாட்டுக் கடைகள் சிறியவை. வரும் ஆட்களை எண்ணித்தான் உலை வைப்பார்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் நல்ல மீன்குழம்போ பருப்புக்கறியோ சுடச்சுடக் கிடைக்கும். சொல்லாமல் போய் மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றால் பிஸ்கற் பெட்டியைக் காட்டுவார்கள்.

வருத்தம் பற்றிக் கேட்கும்போது துருவுகிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம். தீவில் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் கடுமையான நோயாளியைக் கடல் தாண்டித்தான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடுச்சாமத்தில், காற்று நேரத்தில், அது என்ன பாடு என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். "தம்பிக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?" என்ற கேள்வி அந்த அனுபவத்திலிருந்து வருவது.

3. எல்லாவற்றையும் ஒருவரிடமே கேட்க வேண்டாம்.

இதைத்தான் பிள்ளைகள் ஒருபோதும் கேட்பதில்லை. ஒரு தீவாரைத் தெரிந்துவிட்டால் போதும், தீவு கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தெரிவது ஒரு துண்டு.

படகு நேரத்துக்கு, அங்கே வேலைக்குப் போய்வரும் ஆசிரியர்களும் கந்தோர்க்காரர்களும்தான் சரியான ஆட்கள். பலருக்கு வீடு யாழ்ப்பாணப் பக்கம். படகைத் தவறவிட்டால் சம்பளத்தில் வெட்டு, அல்லது பிள்ளையின் பிறந்தநாளில் வீட்டில் இல்லை. ஆகவே எந்தப் படகு ஓடுகிறது, எது திருத்த வேலைக்குக் கரையேறிவிட்டது, கடைசிப் படகு உண்மையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அவர்களிடம் தீவின் தெற்குப் பக்கத்துப் பாதை பற்றிக் கேட்டால் சில நேரம் தெரியாது. பள்ளிக்கூடம், தங்குமிடம், இறங்குதுறை, இவ்வளவுதான் அவர்களின் தீவு.

கடலுக்கு மீன்பிடிக்கிறவர்கள். தண்ணீருக்குக் குடத்தோடு கிணற்றடிக்குப் போகிற பெண்கள். உள்பாதைக்கு மாடு தேடித் திரிகிற பொடியன்கள். தங்குமிடத்துக்கும், யாரை நம்பலாம் என்பதற்கும், கோயிலில் ஐயரையோ தேவாலயத்தில் சுவாமியாரையோ கேட்கலாம். எந்த வீட்டில் அறை இருக்கிறது, எந்த வீட்டில் தகப்பன் குடிகாரன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், முதலாவதைச் சொல்லும் விதத்தில் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்தில் அனுமதி ஏதும் வேண்டுமென்றால், படப்பிடிப்புப் போன்றவைக்கு, பிரதேச செயலகம் இருக்கிறது; சுற்றிவளைக்காமல் அங்கேயே கேளும்.

ஓட்டோக்காரரிடம் எல்லாம் கேட்கலாம், எங்கே சாப்பிடுவது என்பதைத் தவிர. அவர் மைத்துனர் கடையைத்தான் காட்டுவார். அதுவும் சில வேளை நல்ல கடைதான்.

4. "ஓம்" என்று முடிந்துவிடும் கேள்வியைக் கேட்க வேண்டாம்.

"நாளைக்குப் படகு ஓடுமோ?" "ஓம், ஓடும்." "பயமில்லையோ?" "ஒரு பயமுமில்லை." எங்கள் சனத்துக்கு விருந்தாளியை மனங்கோணச் செய்யத் தெரியாது. நீர் எந்தப் பதிலை விரும்புகிறீர் என்று உம்முடைய முகத்தில் பார்த்து அதையே தருவார்கள். பொய் சொல்லும் எண்ணம் கிடையாது, மரியாதை அது. கேள்வியை இப்படித் திருப்பும்: "நாளைக்கு நீங்கள் யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றால் எந்தப் படகில் போவீர்கள்?" இப்போது அவர் தன்னுடைய உடம்பை வைத்துப் பதில் சொல்லவேண்டும். "நானெண்டால் நாளைக்குப் போகமாட்டன்" என்று அதே வாய் சொல்லும்.

5. காற்றின் பெயர்களைப் படித்துக்கொண்டு போம்.

"வானிலை எப்படி" என்று கேட்டால் "நல்ல வெயில்" என்பார்கள். வெயில் படகைக் கவிழ்க்காது. கேட்கவேண்டியது காற்றைப் பற்றி. வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை சோளகக் காற்று. வானம் நீலமாக இருக்கும், கடல் மட்டும் கொதித்துக்கொண்டு நிற்கும். புதியவர்கள் ஏமாறுவது இந்தக் காலத்தில்தான். ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மாரி மழையும். கார்த்திகை, மார்கழியில் புயல்கூட வரும். காற்று மிஞ்சினால் படகை நிறுத்திவிடுவார்கள். நீர் அந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையிலேயே நிற்கவேண்டியதுதான், ஒரு நாளோ மூன்று நாளோ.

சென்னையிலிருந்து வருகிறவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு செய்தி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே மழைக்காலம் வருகிறது என்று நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு ஓகஸ்டில்தான் திரும்ப ஓடவிட்டார்கள். இயந்திரமும் ஆசனமும் பூட்டிய பெரிய கப்பலின் கதை அது. நீர் ஏறப்போவது அதைவிடச் சிறியது.

ஆகவே வானிலை நிலையத்தின் கடல் அறிவித்தலைக் கேளும். கேட்டுவிட்டுத் துறையிலும் கேளும். இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் எது கடுமையோ அதை எடுத்துக்கொள்ளும்.

6. துறையில் கேட்கவேண்டியவை.

குறிகாட்டுவானில் நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கேட்காமல் ஏறி நாகபூசணி அம்மன் வாசலில் இறங்கிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அம்மன் அருள் கிடைத்தது, குதிரைதான் கிடைக்கவில்லை. "நெடுந்தீவோ?" என்று மூன்று பேரிடம் கேட்டாலும் வெட்கமில்லை.

குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று அரச படகுகளின் பெயரைக் கேள்விப்படுவீர். தனியார் படகுகளும் உண்டு. நேர அட்டவணையை எங்கேயாவது படித்திருந்தால் அதை மறந்துவிட்டு அன்றைய நாளுக்குக் கேளும். திங்கள் காலை போகிற படகிலும் வெள்ளி பின்னேரம் வருகிற படகிலும் உத்தியோகத்தர் கூட்டம். உல்லாசப் பயணி அந்த இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பது நாகரிகம். ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழா நடக்கும்போது குறிகாட்டுவானில் கால்வைக்க இடமிராது. கச்சதீவு அந்தோனியார் திருவிழா தவக்காலத்தில் வரும். அது நடக்கும் இரண்டு நாளும் படகும் ஆட்களும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். (கச்சதீவும் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குள்தான் வருகிறது. "அப்படியே கச்சதீவையும் பார்த்துவிட்டு வரலாமா" என்று கேட்கிறவர்களுக்கு: திருவிழாவுக்கு ஒழுங்காகப் பதிந்து போகிறவர்களோடு போகலாம், மற்ற நாளில் முடியாது. குடிக்கத் தண்ணீர்கூட அங்கே இல்லை.)

படகில் ஏறமுதல் உயிர்காப்பு அங்கி எங்கே என்று கேளும். தந்தால் போடும். பக்கத்திலுள்ள ஆச்சி போடவில்லை என்று நீரும் மடியில் வைத்திருக்க வேண்டாம். அடையாள அட்டை, வெளிநாட்டவரென்றால் கடவுச்சீட்டு, கையிலேயே இருக்கட்டும். கடற்படை நிலைகளைப் படமெடுக்க வேண்டாம்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கியவுடன் முதல் வேலை, திரும்பிப்போகும் படகைப் பற்றிக் கேட்பது. குதிரை பிறகு. கடைசிப் படகைத் தவறவிட்டால் எங்கே படுப்பது என்பதற்கும் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் அப்போதே வாங்கிவைத்துக்கொள்ளும்.

7. தண்ணீர் பற்றித் தனியாகக் கேளும்.

முருகைக்கல் நிலத்தில் மழைத்தண்ணீர் இறங்கி, உவர் நீருக்கு மேலே மெல்லிசாகத் தங்கி நிற்கும். அந்தத் தட்டுத்தான் தீவின் உயிர். சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. வேறு பல இடங்களில் வாயில் வைக்க முடியாது. ஆடி, ஆவணி வறட்சியில் குதிரைகளே தண்ணீரின்றிச் சாகும். ஆகவே குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோம். தங்குகிறீர் என்றால் வீட்டுக்காரியிடம், "குளிக்கிற தண்ணி எங்கேயிருந்து வருகிறது, எவ்வளவு பாவிக்கலாம்?" என்று கேளும். இப்படிக் கேட்கிற விருந்தாளிக்கு அடுத்த வேளை கூழ் கிடைத்தாலும் கிடைக்கும். இரண்டு வாளியில் குளித்துப் பழகும். நிழலும் குறைவு, தொப்பியும் காசும் இல்லாமல் போக வேண்டாம். வங்கி அட்டையை நம்பியும் போக வேண்டாம்.

8. தங்கச்சிமாருக்கு.

"தனியாகவோ வந்தனீர்?" என்று கேட்பார்கள். பிறகு "ஆற்றை பிள்ளை?" என்பார்கள். உமக்கு எரிச்சல் வரும். நகரத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு நோக்கம் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். தீவில் பெரும்பாலும் உம்மை எந்த வீட்டுக் கணக்கில் எழுதுவது என்பதற்கான கேள்வி அது. ஒரு வீட்டின் பெயரைச் சொல்லக்கூடியதாகப் போம்: "இன்ன ரீச்சர் வீட்டில் நிற்கிறேன்" என்றால் போதும். அதனால் போகமுதலே அங்கே ஒரு பெண்ணோடு தொலைபேசியில் கதைத்திரும். ஆசிரியை, தாதி, தங்குமிடம் நடத்துகிறவரின் மனைவி, யாராகவும் இருக்கலாம். ஆண்கள் சொல்லாத விஷயங்களை அவரிடம் கேளும். மலசலகூடம் எங்கே, எந்தப் பாதை பின்னேரத்துக்குப் பிறகு ஆளற்றுப் போகும், கடலில் குளிக்க எந்த உடுப்போடு இறங்கலாம், எந்தக் கரையில் இறங்கலாம். ஆண்பிள்ளை வழிகாட்டுகிறேன் என்று வந்தால் வீட்டுக்காரியிடம் அவனுடைய பெயரைச் சொல்லிப் பாரும். "அவனோ, போம்" என்பாரா, பேசாமல் இருப்பாரா என்பதில் பதில் இருக்கிறது. பேசாமல் இருந்தால் போக வேண்டாம்.

9. குதிரைகள்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்தவற்றின் வழிவந்தவை என்பார்கள். 2015 இல் தீவின் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக்கினார்கள். எங்கே நிற்கும் என்பது மழையையும் புல்லையும் பொறுத்தது, அன்று காலை கேட்கவேண்டும். கிட்டப்போக வேண்டாம், தீனி கொடுக்க வேண்டாம். முருகைக்கல் வேலிகளில் ஏறி நின்று படமெடுக்கவும் வேண்டாம். சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய வேலி அது, நீர் சரித்துவிட்டுப் போனால் அடுக்குவது அந்த வீட்டுக்காரர்.

10. எந்த நாளில் போகக்கூடாது என்றும் கேளும்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மாவிலித்துறைப் பக்கம் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். நீர் அன்று போய்த் துறையில் நின்று கைபேசியைத் தூக்கிச் சிரித்துப் படமெடுத்தால் யாரும் உம்மை ஏசமாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது. அன்றைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் அஞ்சலிக்குப் போம், பின்வரிசையில் நில்லும். மற்ற நாட்களிலும் அந்தக் கதையை நீராகக் கிளற வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிரும்.

11. ரொறன்ரோப் பேரனுக்கு.

அப்பப்பா சொல்லும் தீவு உண்மைதான், ஆனால் அது அவர் விட்டுவந்த காலத்துத் தீவு. அவருடைய பாதை பற்றை மூடியிருக்கும், கிணறு தூர்ந்திருக்கும், காணிக்குள் பனையும் வடலியும் நிற்கும். நெடுந்தீவாரில் எத்தனையோ பேர் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். அவரிடம் பெயர்களை மட்டும் வாங்கும்: எந்த வட்டாரம், எந்தக் கோயிலடி, அயல் வீட்டுக்காரர் யார். நேரம், விலை, பாதை, இவற்றை இப்போது அங்கே இருக்கிறவரிடம் கேளும். காணி பார்க்கப் போகிறேன் என்று மட்டும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அது வேறு கதை, அதற்குச் சட்டத்தரணி வேண்டும்.

12. ஆலோசனைக்குக் காசு நீட்ட வேண்டாம்.

அவருடைய ஓட்டோவில் போம், அவருடைய வீட்டில் சாப்பிடும், பனாட்டோ புளுக்கொடியலோ வாங்கும், விலை பேரம் பேசாமல் கொடும். திரும்பி வந்ததும், வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு அழைப்பு எடும். இதை மறக்கிறவர்கள்தான் கூட. உமக்கு அடுத்ததாகக் கேட்டுப் போகிறவருக்குப் பதில் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த அழைப்பில் இருக்கிறது.

13. வர வேண்டாம் என்றால் போக வேண்டாம்.

கேட்பது என்றால் இதற்கும் சேர்த்துத்தான். லீவு எடுத்தாயிற்று, யாழ்ப்பாணத்தில் அறை போட்டாயிற்று, பை கட்டியாயிற்று, இப்போது ஒரு படகுக்காரர் தொலைபேசியில் "இந்தக் கிழமை வேண்டாம் தம்பி" என்கிறார். உடனே இன்னொருவரைத் தேடிப்பிடித்து "வரலாம்" என்ற பதிலை வாங்க வேண்டாம். வாங்கலாம், கிடைக்கும், நாலாவது அறிவுரையைப் பாரும். அந்தக் கிழமைக்கு யாழ்ப்பாணத்திலேயே நில்லும். காரைநகருக்குப் போம், வேலணைக்குப் போம், பாலத்தாலே பஸ்ஸில் போய் வரலாம். நெடுந்தீவுக்கு மாசி, பங்குனி நல்ல மாதங்கள். வாடை அடங்கி, சோளகம் தொடங்காத இடைவெளி அது. கச்சதீவுத் திருவிழா எந்த நாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அப்போது போம்.